இண்டூர்க் கல்யாணத்தின் வெளுத்த படங்கள்

மொரப்பூர்ப் பக்கம் எண்பதுகளின் கடைசியில் கல்யாணம் வைத்தவர்கள் முதலில் பந்தல்காரரைப் பார்ப்பார்கள், அடுத்து பிலவேந்திரனைப் பார்ப்பார்கள். படம் அவ்வளவு துலக்கமாக வரும். "நல்லா எடுக்கிறியேப்பா" என்று யாராவது சொன்னால் அவனுக்கு ஒரே பதில்தான். "இண்டூர் அக்கா குடுத்த தொழிலுங்க." அந்த அக்கா கேமராவைப் பிடித்ததுமில்லை, படம் எடுத்ததுமில்லை. ஆனாலும் அவன் அப்படித்தான் சொல்வான், அதில் கொஞ்சமும் மிகையில்லை.

கேமரா அவன் கேட்டு வந்ததல்ல. பெங்களூரில் ஒரு தங்கும் விடுதியில் சமையல்காரனாக இருந்த அவன் அண்ணன் இன்னாசிராஜுக்கு, ஊர் திரும்பிய ஜப்பான்காரர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போனது. இன்னாசிராஜ் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான். "எனக்குக் கரண்டி புடிக்கத்தான் தெரியும். இத நீயே வெச்சுக்கடா" என்று தம்பி தலையில் கட்டிவிட்டான். கூடவே விளக்கப் புத்தகம் ஒன்றும் வந்தது. முழுக்க ஜப்பான் எழுத்து. அதில் பிலவேந்திரனுக்குப் புரிந்தவை படங்கள் மட்டும்தான். அந்தப் படங்களிலும் பாதி அம்புக்குறிகள்.

எண்பத்து நான்கில் நடந்தது இது. பிலவேந்திரன் அப்போது மொரப்பூர் ஸ்டேஷனில் பார்சல் மூட்டை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தான். அப்பா விட்டுப்போன மானாவாரி நிலம் பங்கு பிரித்ததில் ஆளுக்கு நாலு வரப்புதான் தேறியது. அதை நம்பினால் களிக்கும் வழியில்லை என்று ஸ்டேஷனுக்கு வந்தவன். மனைவி மிக்கேலம்மாள் தையல் மெஷின் வைத்து ஊர்ப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்தாள். இருவருக்கும் பிழைப்பு ஓடியது. இதற்கு நடுவில் கேமரா எதற்கு என்றுதான் யாரும் கேட்பார்கள். ஆனால் கையில் வந்ததை விடுகிற ஆளில்லை அவன். பூட்டு திறக்கவில்லையென்றால் உடைக்க மாட்டான், ஏன் திறக்கவில்லை என்று பக்கத்தில் உட்கார்ந்துகொள்வான்.

முதலில் மாதா கோவிலில், பிள்ளைகள் முதன்முறை நற்கருணை வாங்குகிற புதுநன்மை விழாவை எடுத்தான். வெள்ளை உடுப்பும் பூக்கிரீடமுமாக நின்ற பிள்ளைகளை வரிசை வரிசையாக நிறுத்தி, வியர்க்க விறுவிறுக்க எடுத்தான். சேலத்துக்குக் கொண்டுபோய்க் கழுவக் கொடுத்தால், ரீல் வெறுமையாக வந்தது. ரீலின் நுனி பல்லில் மாட்டவேயில்லை, அது உள்ளே சும்மா படுத்திருந்தது, இவன் வெளியே சுற்றிக்கொண்டிருந்திருக்கிறான். அடுத்தது குருத்தோலை ஏந்திப் போகிற குருத்து ஞாயிறு பவனி. இந்த முறை ரீல் ஒழுங்காகச் சுற்றியது. ஆனால் அந்தக் கேமராவில் நாம் பார்ப்பது ஒரு கண்ணாடி வழியாக, படம் விழுவது இன்னொரு கண்ணாடி வழியாக. படம் விழுகிற கண்ணாடிக்குப் போட்ட மூடியைக் கழற்றாமலே பவனி முழுவதையும் எடுத்து முடித்திருந்தான். பங்குச் சாமியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பிலவேந்திரா, ஆண்டவர் எல்லாத்தையும் பாத்துக்கிட்டுதான் இருந்தாரு. உன் கேமராதான் பாக்கல" என்றார். கோவில் வாசலில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவனும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு அவன் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டான். ரீல் உருளும்போது மேலே உள்ள திருகு கூடவே சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். பேட்டரி போட்ட இடத்தில் பச்சை பூத்தால் சுரண்டிவிட வேண்டும். வெயிலில் நிறுத்திய பஸ்ஸில் ரீலை வைத்துவிட்டு டீ குடிக்கப் போகக் கூடாது. எவ்வளவு நேரம் கேமராவின் கண்ணைத் திறந்து மூட வேண்டும் என்பதைத்தான் அவன் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. அது வெளிச்சத்தைத் தானே அளந்து தானே முடிவு செய்துகொள்கிற ரகம். வெளிச்சம் போதாவிட்டால் பார்க்கிற கண்ணாடிக்குள் ஒரு மஞ்சள் விளக்கு எரியும், அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும். எதை வைத்து அளக்கிறது என்று அவன் யோசித்ததேயில்லை. மாடு புல்லைத் தின்று பால் கறக்கிறது, எப்படி என்று யார் கேட்டார்கள்?

அந்த நாட்களில்தான் ஒரு காலையில், பிளாட்பாரத்தில் மூட்டைகளுக்கு நடுவே புது ரீலை மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவர் கூப்பிட்டார். இண்டூர் சென்னப்பன். நிலம் நீச்சு உள்ள குடும்பம். உடம்பு வற்றி, துண்டு தோளில் நிற்காமல் நழுவிக்கொண்டிருந்தது. மனைவி தீர்த்தம்மாள் அவரை வேலூருக்கு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தார். ரயில் தாமதம்.

"ஏம்ப்பா, அதுல என்னையும் புடிப்பியா?"

"புடிக்கறனுங்க. கொஞ்சம் சிரிக்காம, நேரா பாருங்க."

"ஏன், சிரிச்சா உன் பொட்டி ஒடைஞ்சுடுமா?" என்று கேட்டுவிட்டு அவரே வாய்விட்டுச் சிரித்தார். பிலவேந்திரனின் விரல் தானாக அழுத்திவிட்டது.

சென்னப்பன் அந்த மாதமே ஆஸ்பத்திரியில் தவறிப்போனார். காரியமெல்லாம் முடிந்த பிறகு தீர்த்தம்மாள் மொரப்பூருக்கு வந்து, ஸ்டேஷனில் அவனைத் தேடிப் பிடித்தார். வீட்டில் கணவருடைய படம் ஒன்றுகூட இல்லையாம். கல்யாணத்தின்போது எடுத்தது கரையானுக்குப் போய்விட்டதாம். பிலவேந்திரன் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தான். அந்த அம்மாள் படத்தைப் பார்த்தார், பிறகு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். "எங்க வூட்டுக்காரரு கடைசியா சிரிச்சது உன் பொட்டியப் பாத்துத்தான் தம்பி. அதுக்கப்புறம் அவரு சிரிக்கவேயில்ல" என்றார். பெரிதாக்கி, சட்டம் போட்டு மாட்ட வேண்டும் என்றும் சொன்னார். அதையும் அவனே சேலத்தில் செய்து கொண்டுபோய்க் கொடுத்தான். அன்றைக்கே தீர்த்தம்மாள் சொல்லிவிட்டார், மகள் ராஜாமணி கல்யாணத்துக்கு இந்தத் தம்பிதான், இந்தக் கேமராதான் என்று.

எண்பத்தாறு வைகாசியில் கல்யாணம். சென்னப்பனின் தம்பி கிருஷ்ணப்பன்தான் எல்லாவற்றையும் எடுத்துச் செய்தார். அவருக்கு இந்த ஏற்பாட்டில் இஷ்டமேயில்லை. "தருமபுரியில எத்தன ஸ்டுடியோ இருக்குது, மூட்ட தூக்கறவனையா கூட்டியாறது?" என்று குதித்தார். தீர்த்தம்மாள் வேறு எதிலும் வாய் கொடுக்கவில்லை. முகூர்த்த நாள், பத்திரிகை, யார் தாரை வார்ப்பது, எல்லாமே கொழுந்தனார் சொன்னபடி. இந்த ஒன்றில் மட்டும் பிடித்த பிடியை விடவில்லை. பிலவேந்திரனுக்கு அதுதான் முதல் கல்யாணம். அது நல்லபடியாக அமைந்தால் நாலு பேர் கூப்பிடுவார்கள், இல்லாவிட்டால் மூட்டைதான் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். முந்தின நாளே போய்விட்டான்.

விடியற்காலையில் கொல்லைப்புறத்தில் முகம் கழுவிவிட்டுக் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தான். உள்ளே சுமங்கலிப் பெண்கள் பெண்ணுக்கு நலங்கு வைக்கிற சத்தம் கேட்டது. தீர்த்தம்மாள் கையில் ஒரு வெற்றிலையோடு கொல்லைக் கதவைத் தாண்டி வந்தார். வெற்றிலையில் கொஞ்சம் குழைத்த சந்தனம், கொஞ்சம் குங்குமம்.

"தம்பி, அத இப்பிடிக் காட்டு."

அவனுக்குப் புரியவில்லை. காட்டினான். அந்த அம்மாள் சந்தனத்தைத் தொட்டுக் கேமராவின் நெற்றியில், கண்ணாடிக்கு மேலே, அழுத்தி வைத்தார். அதன் மேல் குங்குமம்.

"எம் பொண்ணுக்கு வெக்கத்தான் எனக்குக் குடுப்பினை இல்ல. நான் அந்தப் பக்கம் போவக் கூடாது. இதுக்காச்சும் வெக்கறேன். இது அவரப் பாத்த கண்ணு."

சொல்லிவிட்டு விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். பிலவேந்திரன் கேமராவைப் பார்த்தான். படம் விழுகிற கண்ணாடி மேல் ஒன்றும் படவில்லை, பார்க்கிற கண்ணாடியும் சுத்தம். பொட்டு வைத்த இடத்தில் சின்னதாக, வட்டமாக ஏதோ ஒரு கறுப்புச் சில்லு இருந்தது. அது அலங்காரத்துக்கு என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தான். துடைத்துவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. அவன் வேதக்காரன், மாதா கோவில் ஆள். பொட்டைத் துடைத்தால், அதுவும் அந்த அம்மாள் வைத்த பொட்டைத் துடைத்தால், யார் கண்ணில் பட்டாலும் தப்பாகிவிடும். அதைவிட, அவனுக்கே மனசு வரவில்லை. இருக்கட்டும் என்று விட்டுவிட்டான்.

அன்றைக்கு முழுவதும் மஞ்சள் விளக்கு எரிந்தது. தென்னோலைப் பந்தல், நிழல், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டான். வெளியே வெயிலில் மாப்பிள்ளையையும் பெண்ணையும் நிறுத்தியபோதும் எரிந்தது. அப்போதாவது அவன் நின்று யோசித்திருக்க வேண்டும். ஆனால் கல்யாண வீட்டில் போட்டோக்காரனை யார் யோசிக்க விட்டார்கள்? "இங்க வா, எங்க சித்தியோட ஒண்ணு," "அட, மாமனை வுட்டுட்டியே," "இந்தப் பக்கம் திரும்பு" என்று ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். தீர்த்தம்மாள் சமையல் கட்டு வாசலில் நின்று, தாலி கட்டுகிறபோது கழுத்தை நீட்டிப் பார்த்ததையும் அவன் எடுத்தான்.

ஒரு வாரம் கழித்துச் சேலத்தில் உறையைப் பிரித்தான். எல்லாப் படங்களும் வெளுத்திருந்தன. பந்தல் பாலில் முக்கியெடுத்தது போலிருந்தது. நின்றவர்கள் இரண்டிரண்டு பேராகத் தெரிந்தார்கள், நடந்தவர்கள் புகையாகப் போயிருந்தார்கள். பெண்ணின் பட்டுச் சேலை தெரிந்தது, முகம் இல்லை. கழுவிக் கொடுத்தவர், "எங்க வேலையில குத்தமில்லைங்க, இது எடுக்கறப்பவே ஆயிருக்குது" என்றார். ரயிலில் வரும் வழியெல்லாம் உறையை மடியில் வைத்துக்கொண்டு, யாருடைய முகத்தையும் பார்க்காமல் வந்தான்.

அப்படியே தலைமறைவாகிவிடலாம் என்று ஒரு யோசனை வராமலில்லை. ஆனால் மறுநாள் இண்டூருக்குப் பஸ் ஏறினான். கிருஷ்ணப்பன் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து ஒவ்வொன்றாகக் கட்டிலில் விட்டெறிந்தார்.

"சொன்னனே கேட்டீங்களா அண்ணி? ஆயுசுக்கும் ஒருவாட்டி நடக்கறது. இதக் கெடுத்துப்புட்டானே படுபாவி! ஏய்யா, உனக்கு இந்தப் பொட்டியத் தொடறதுக்கு என்ன யோக்கியத இருக்குது?"

பிலவேந்திரன் தலையைக் குனிந்து நின்றான். காரணம் அவனுக்கே தெரியாது. கிருஷ்ணப்பன் கத்தி ஓய்ந்து வெளியே போன பிறகு, தீர்த்தம்மாள் தட்டில் களியும் கீரைக் குழம்பும் வைத்துக்கொண்டு வந்தார்.

"சாப்புட்டுட்டுப் போ தம்பி."

"வேணாங்கக்கா."

"மொரப்பூருல இருந்து வெறும் வயித்தோட வந்திருக்க. படம் போனாப் போவுது. அவரு படம் ஒண்ணு நல்லா இருக்குதில்ல, எனக்கு அது போதும்."

பிலவேந்திரன் களியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிட்டு முழுங்கினான். அந்த அம்மாள் ஒரு சொல் திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்தான். இந்த வீட்டுக்கு இதைவிடப் பெரிய கடன் படமுடியாது என்று நினைத்துக்கொண்டே பஸ்ஸில் உட்கார்ந்திருந்தான்.

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து வந்து கேமராவைப் பாயில் வைத்து உட்கார்ந்தான். மிக்கேலம்மாள் மெஷினில் தைத்துக்கொண்டிருந்தாள். இனி காரணம் தெரியாமல் எழுந்திருப்பதில்லை என்று முடிவோடு உட்கார்ந்தவன் அவன். ரீல் கெட்டதா? அதோடு சேர்த்து வாங்கிய இன்னொரு ரீலில் முன்பு கோவில் தேரை எடுத்திருந்தான், அது நன்றாக வந்திருந்தது. பேட்டரியா? பச்சை இல்லை, அழுத்தினால் விளக்கு எரிகிறது. கண்ணாடிக்குள் பூஞ்சை பிடித்ததா? வெயிலில் தூக்கிப் பார்த்தான், சுத்தம். பின் கதவு சரியாக மூடவில்லையா? அப்படி இருந்தால் ஓரத்தில் கீற்றுத்தான் விழும், முழுப்படமும் வெளுக்காது. ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தான். ரீல் இல்லாமல் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தான்.

மிக்கேலம்மாள் மெஷினை நிறுத்தினாள்.

"ஏங்க, முன்னெல்லாம் டிக்குன்னு ஒரே சத்தமா வரும். இப்ப இழுக்குது பாருங்க."

"எங்க இழுக்குது?"

"தொறக்கறப்ப ஒண்ணு, மூடறப்ப ஒண்ணுன்னு ரெண்டாக் கேக்குது. நாளெல்லாம் மெஷின் ஓட்டறவளுக்கு இது தெரியாதா?"

அவன் வாசலுக்குப் போய் வெயிலைப் பார்த்து அழுத்தினான். உண்மைதான். பட்டப்பகலில், உச்சி வெயிலில், மஞ்சள் விளக்கு எரிந்தது. கேமரா இருட்டில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது! அப்படியென்றால் அது வெளிச்சத்தைப் பார்க்கிற கண் ஒன்று எங்கேயோ இருக்க வேண்டும். விரலால் ஒவ்வொரு கண்ணாடியாக மறைத்து மறைத்து அழுத்தினான். பார்க்கிற கண்ணாடியை மறைத்தான், சத்தம் மாறவில்லை. பக்கத்திலுள்ள சின்னச் சதுரத்தை மறைத்தான், மாறவில்லை. நெற்றியிலிருந்த கறுப்புச் சில்லின் மேல் விரலை வைத்தான். சத்தம் இன்னும் இழுத்தது.

தீக்குச்சி முனையில் பஞ்சைச் சுற்றி, தண்ணீரில் நனைத்து, அந்தச் சில்லின் விளிம்பில் மெதுவாக உருட்டினான். வெளியே இருந்த பொட்டு எப்போதோ உதிர்ந்துபோயிருந்தது. பள்ளத்துக்குள் மட்டும் காய்ந்த சந்தனமும் குங்குமமும் அப்பிக்கொண்டிருந்தன. பஞ்சு சிவப்பாக வந்தது. மறுபடி அழுத்தினான். டிக். மஞ்சள் விளக்கு அணைந்திருந்தது.

"மாதாவே!" என்று கத்திவிட்டான். மிக்கேலம்மாளும் எழுந்து ஓடி வந்தாள். அவன் சிவந்த பஞ்சைக் காட்டி நடந்ததைச் சொன்னான்.

"அப்பாடா, இப்பவே பஸ்ஸப் புடிச்சுப் போங்க. அந்தக் கிருஷ்ணப்பன் மூஞ்சில இந்தப் பஞ்ச வுட்டெறிஞ்சுட்டு வாங்க. என்ன பேச்சுப் பேசுனாரு உங்கள!"

பிலவேந்திரன் சட்டையை மாட்டக் கையை நீட்டினான். நீட்டிய கை பாதியில் நின்றுவிட்டது. மறுபடியும் பாயில் உட்கார்ந்தான்.

"சொல்ல முடியாது மிக்கேலம்மா."

"ஏன்?"

"யாரு வெச்ச பொட்டுன்னு கேப்பாங்க. தாலியறுத்தவ கை பட்டுத்தான் பொண்ணு கல்யாணப் படமே வெளங்காமப் போச்சும்பாங்க. சந்தனம் மறைச்சுதுன்னு எவனும் சொல்ல மாட்டான். அந்தப் பொண்ணுக்கு நாளைக்கு ஒரு தலைவலி வந்தாலும் அந்தம்மா மேலதான் பழி வரும்."

மிக்கேலம்மாள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுடைய அம்மாவும் சின்ன வயதிலேயே தாலியறுத்தவள்தான். பஞ்சை அவன் கையிலிருந்து வாங்கி அடுப்பில் போட்டாள்.

"பேட்டரி போச்சுன்னு சொல்லிடுங்க" என்றாள்.

அப்படித்தான் சொன்னான். கேட்டவர்களுக்கெல்லாம் பேட்டரி. விடுவார்களா ஊரில்? "பேட்டரி இருக்குதான்னு பாக்கத் தெரியாதவனுக்கு எதுக்குக் கேமரா?" என்றார்கள். மொரப்பூரிலேயே இரண்டு கல்யாணங்களுக்கு வெளியூர் ஆள் வந்து எடுத்துவிட்டுப் போனான். பந்தல் போட மூங்கில் கட்டுகளைப் பார்சல் ஆபீஸிலிருந்து ஏற்றிவிட்டது பிலவேந்திரன். கேமரா தகரப் பெட்டிக்குள் போய்விட்டது. எப்போதாவது அதை எடுத்து, ரீல் இல்லாமல் ஒரு முறை அழுத்தி, சத்தம் சரியாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவான். அவனுக்கு வருத்தம் இருந்தது. ஆனால் தீர்த்தம்மாளை நினைக்கும்போது, தட்டில் வைத்த களிதான் நினைவுக்கு வந்தது. அந்தச் சோற்றுக்கு இந்தச் சின்னப் பொய் ஒரு பெரிய விலையில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்வான்.

மறு வருடம் தை மாதம் தீர்த்தம்மாளே வீட்டுக்கு வந்தார். ராஜாமணிக்கு ஏழாம் மாதம். இண்டூரில் வைத்து வளைகாப்பு.

"நீதான் வரணும் தம்பி."

"உங்க கொழுந்தனாரு ஒத்துக்க மாட்டாருங்கக்கா."

"அவரு வூட்டுக் கல்யாணத்துக்கு அவரு யார வேணாலும் கூப்புட்டுக்கட்டும். இது எம் பொண்ணு."

ஒரு முறை கெடுத்தவனை மறுபடியும் கூப்பிட ஒரு மனசு வேண்டுமே! வளைகாப்பு அன்றைக்குப் பெட்டியைத் திறந்து கேமராவைத் துடைத்து எடுத்துக்கொண்டான். மிக்கேலம்மாள் தானும் வருகிறேன் என்று புதுச் சேலை கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

இண்டூர் வீட்டு வாசலில் பந்தல். உள்ளே பெண்கள் கூட்டம். தாம்பாளங்களில் கண்ணாடி வளையல், பூ, ஏழு வகைச் சோறு. பிலவேந்திரன் கொல்லைப் பக்கம் நின்று ரீலை மாட்டிக்கொண்டிருந்தான். தீர்த்தம்மாள் வந்தார். கையில் வெற்றிலை, வெற்றிலையில் சந்தனம்.

"காட்டு தம்பி. போன தடவ படம் போச்சுன்னு நான் இத வுட மாட்டேன்."

விரல் கேமராவை நெருங்கியது. பிலவேந்திரன் யோசிக்கவேயில்லை. கை தானாகக் கேமராவைப் பின்னுக்கு இழுத்தது, கட்டைவிரல் தானாகப் போய் அந்தக் கறுப்புச் சில்லை மூடிக்கொண்டது.

தீர்த்தம்மாளின் கை அந்தரத்தில் நின்றது. அவர் அவனுடைய கட்டைவிரலைப் பார்த்தார். பிறகு அவன் முகத்தைப் பார்த்தார்.

"அங்க என்ன இருக்குது தம்பி?"

"ஒண்ணுமில்லைங்கக்கா. பேட்டரி..."

"அன்னிக்கு நான் பொட்டு வெச்சது அங்கதான்."

அவனுக்குப் பொய் சொல்ல ஒரு தடவைதான் வரும், அதே பொய்யை முகத்துக்கு நேராக இரண்டாம் தடவை சொல்ல வராது. மிக்கேலம்மாள் பக்கத்தில் நின்று தலையைக் குனிந்துகொண்டாள். அந்த அம்மாளுக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை. வெற்றிலையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று பந்தலுக்கு நடந்தார். "அக்கா, வேணாங்க, நில்லுங்க" என்று பிலவேந்திரன் பின்னாலேயே ஓடினான்.

பந்தலில் கிருஷ்ணப்பன் அவனைப் பார்த்துவிட்டார். "இவனையா மறுபடியும் கூட்டியாந்தீங்க? ஒருவாட்டி பட்டது போதாதா?" என்று ஆரம்பித்தார்.

"கிருஷ்ணப்பா, சும்மா இரு" என்றார் தீர்த்தம்மாள். அந்த வீட்டில் அந்தக் குரலை யாரும் கேட்டதில்லை. பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். "கல்யாணப் படம் வெளுத்துப்போனது இந்தத் தம்பியால இல்ல. என்னால. விடியறதுக்கு முன்னால யாருக்கும் தெரியாம அந்தப் பொட்டிக்கு நான் பொட்டு வெச்சேன். அது அதோட கண்ணுல அப்பிக்கிச்சு. இவனுக்கு அது தெரியும். தெரிஞ்சும் பேட்டரின்னு பொய் சொல்லிக்கிட்டு ஊரு பேச்சையெல்லாம் வாங்கிக் கட்டிக்கிட்டான். என்னையக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு. இனிமே இவன ஒருத்தரும் ஒண்ணும் சொல்லக் கூடாது."

பின் வரிசையில் ஒரு குரல் மெதுவாக, ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "அதான பாத்தேன், தாலியறுத்த கை பட்டா..." என்று இழுத்தது.

பிலவேந்திரன் கண்ணை மூடிக்கொண்டான். எது நடக்கக் கூடாது என்று எட்டு மாதமாக வாயை மூடிக்கொண்டிருந்தானோ அது நடந்துவிட்டது. தன் கட்டைவிரலை வெட்டிப்போட்டால் என்ன என்று தோன்றியது.

கண்ணைத் திறந்தபோது மணையில் உட்கார்ந்திருந்த ராஜாமணி எழுந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்தவள் உட்கார வைக்கப் பார்த்தாள். கையைத் தட்டிவிட்டாள். கை நிறைய வளையல் குலுங்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்து அம்மாவுக்கு முன்னால் நின்றாள்.

"கண்ணுல அப்புனா யாருக்குத்தான் தெரியும்?" என்றாள், பின் வரிசையைப் பார்த்து. "அந்தப் பொட்டிக்குக் கண்ணு எது, நெத்தி எதுன்னு எங்கம்மாளுக்குத் தெரியல. அவ்வளவுதான்." பிறகு அம்மாவைப் பார்த்தாள். "எனக்கு நெத்தி இங்கதான் இருக்குது. வெய்யிம்மா."

தீர்த்தம்மாள் அசையவில்லை. கண் கொழுந்தனார் பக்கம் போயிற்று. கிருஷ்ணப்பன் அண்ணன் மகளைப் பார்த்தார், அவளுடைய வயிற்றைப் பார்த்தார், சுவரில் மாலை போட்டு மாட்டியிருந்த அண்ணனின் சிரிப்பைப் பார்த்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வெய்யுங்க அண்ணி. புள்ளத்தாச்சிய நிக்க வெக்காதீங்க" என்றார்.

பிலவேந்திரனுக்கு அப்போதுதான் தான் எதற்கு வந்திருக்கிறோம் என்பது நினைவுக்கு வந்தது. கேமராவைத் தூக்கினான். எல்லாம் கலங்கலாகத் தெரிந்தது. கண்ணாடியில் கோளாறு என்று நினைத்துத் துடைத்தான், பிறகுதான் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். யாருக்கு நன்றி சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. அந்தப் பெண்ணுக்கா, தாய்க்கா, மேலே இருப்பவருக்கா? எல்லோருக்குமாகச் சேர்த்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். தீர்த்தம்மாளின் விரல் மகளின் நெற்றியைத் தொட்டது. முதலில் சந்தனம், பிறகு குங்குமம். ராஜாமணி கண்ணை மூடியிருந்தாள். அந்த அம்மாள் அழுதுகொண்டே சிரித்தார்.

டிக்.

தீர்த்தம்மாள் திரும்பிப் பார்த்தார். விரலில் இன்னும் குங்குமம் இருந்தது.

"தம்பி, விழுந்துச்சா?"

"விழுந்துடுச்சுங்கக்கா" என்றான் பிலவேந்திரன்.